காசக் காணல்ல, காசு வரல்ல: கிரிப்டோக் கோளாறுகளை அறிகுறி பார்த்துப் பிடிப்பது

வொலட் திரையில் தெரிகிற தொகையை வைத்து எந்த முடிவுக்கும் வர வேண்டாம். சங்கிலியில், அதாவது பிளொக்செயின் என்ற பொதுப் பதிவேட்டில், என்ன எழுதியிருக்கிறதோ அதை வாசித்துக் காட்டுவதுதான் வொலட்டின் வேலை. நெட் இழுபட்டால் பழைய கணக்கைக் காட்டும். வேறு நெட்வேர்க்கில் நின்றால் சைபர் காட்டும். போலி அப் என்றால் இல்லாத லட்சங்களையும் காட்டும். திருமலையில் இந்தப் பிரச்சினையோடு என்னிடம் வருகிற பெடியள் பெரும்பாலும் ஸ்கிரீன்ஷொட்டைத்தான் நீட்டுவார்கள். "அண்ணே, இஞ்ச பாருங்க, காசக் காணல்ல." அதைப் பார்த்து நான் என்ன சொல்வது? எனக்கு வேண்டியது பரிவர்த்தனை இலக்கம். ஹாஷ் என்றும் டிஎக்ஸ் ஐடி என்றும் எல்லோரும் சொல்கிற அந்த நீட்டு எழுத்து வரிசை.

வொலட்டின் வரலாற்றுப் பக்கத்தில் அந்த அனுப்புகையைத் தட்டினால் ஹாஷ் இருக்கும். அதை எக்ஸ்ப்ளோரரில், அதாவது சங்கிலியைத் தேடிப் பார்க்கிற தளத்தில் போடுங்கள். பிட்கொயின் என்றால் மெம்பூல் ஸ்பேஸ், ஈத்தரியம் என்றால் ஈத்தர்ஸ்கேன், பிஎன்பி சங்கிலிக்குப் பிஎஸ்சிஸ்கேன், ட்ரொன்னுக்கு ட்ரொன்ஸ்கேன். தள முகவரியை நீங்களே தட்டச்சுச் செய்து போங்கள். கூகிளில் தேடினால் மேலே நிற்கிற விளம்பரங்களுக்குள் போலித் தளங்களும் கலந்து வரும். ஹாஷைப் போட்டதும் நான்கு பதிலில் ஒன்று கிடைக்கும்: அப்படியொன்று இல்லை, காத்திருக்கிறது, தோல்வி, வெற்றி. கீழே வருகிற ஒவ்வொரு அறிகுறிக்கும் முதலில் இந்தப் பதிலைக் கையில் வைத்திருங்கள்.

"அப்படியொன்று இல்லை" என்றால் பிழையான சங்கிலியில் தேடுகிறீர்கள், அல்லது காசு இன்னும் வெளிக்கிடவே இல்லை. எக்ஸ்சேஞ்சிலிருந்து, அதாவது கிரிப்டோ வாங்கி விற்கிற தளத்திலிருந்து, எடுக்கும்போது "செயலாக்கத்தில்" என்று காட்டிக்கொண்டு ஹாஷ் இல்லாமல் நின்றால், காசு அவர்களின் கையில்தான் இருக்கிறது. அவர்களின் உதவிப் பக்கத்தில் கேட்பதைத் தவிர வேறு வேலை இல்லை.

தொடங்க முதல் இன்னொன்று. பதறிப்போய் பேஸ்புக்கிலோ டெலிகிராமிலோ உதவி கேட்டு எழுதினால் கொஞ்ச நேரத்தில் "சப்போர்ட்" என்ற பெயரோடு ஒருத்தர் இன்பொக்ஸுக்கு வருவார். இங்கே எழுதியிருக்கிற எந்தக் கோளாறுக்கும் உங்கள் 12 சொல்லை, அதாவது வொலட்டைத் திரும்பத் திறக்கிற மீட்புச் சொற்களை, இன்னொரு ஆளிடம் சொல்லத் தேவையில்லை. ஒன்றுக்குக்கூட இல்லை.

"அனுப்பி எவ்வளவு நேரம், இன்னும் பெண்டிங்கிலதான் நிக்குது"

பிட்கொயினில் ஒரு பிளொக், அதாவது பரிவர்த்தனைகளின் ஒரு தொகுதி, சராசரியாகப் பத்து நிமிடத்துக்கு ஒருக்கால் வரும். சராசரி என்பதைக் கவனியுங்கள். சில நேரம் அடுத்தடுத்து இரண்டு வரும், சில நேரம் முக்கால் மணித்தியாலம் ஒன்றும் வராது. அதற்கும் மேலே நின்றால் நீங்கள் போட்ட கட்டணம் குறைவு. மெம்பூல் ஸ்பேஸில் உங்கள் கட்டண வீதமும், இப்போது ஏற்றுக்கொள்ளப்படுகிற வீதமும் பக்கத்துப் பக்கத்தில் தெரியும். இலெக்ட்ரம் மாதிரி வொலட் என்றால் அந்தப் பரிவர்த்தனையிலேயே கட்டணத்தைக் கூட்டும் வசதி இருக்கிறது. கூட்ட முடியாத வொலட் என்றால், பெறுகிறவர் அந்த இன்னும் வராத காசையே கூடிய கட்டணத்தில் தனக்குத் தானே அனுப்பலாம். பிளொக்கை உண்டாக்குகிற சுரங்கக்காரருக்கு இரண்டையும் சேர்த்து எடுத்தால்தான் இலாபம் என்பதால் முதலாவதும் இழுபட்டு உள்ளே போகும். ஒன்றும் செய்யாமல் விட்டாலும் காசு அழியாது. சாதாரண அமைப்பில் 14 நாள் கழிந்தால் நோட்கள், அதாவது வலையை நடத்துகிற கணினிகள், அதை வரிசையிலிருந்து எறிந்துவிடும், தொகை பழையபடி உங்கள் கணக்கில் தெரியும்.

ஈத்தரியத்திலும் பிஎன்பி சங்கிலியிலும் கதை வேறு. அங்கே ஒவ்வொரு அனுப்புகைக்கும் நொன்ஸ் என்றொரு வரிசை எண் இருக்கிறது. 7ஆம் எண் நின்றால் 8, 9, 10 எல்லாம் அதற்குப் பின்னால் நிற்கும். அதனால் மூன்று நாலு தரம் திரும்பத் திரும்ப அனுப்பிப் பார்ப்பது வரிசையை நீட்டுமே தவிர அசைக்காது. நிற்கிறவற்றில் ஆகப் பழையதைத் தேடிப் பிடித்து மெட்டாமாஸ்க் வொலட்டில் "ஸ்பீட் அப்" அல்லது "கேன்சல்" கொடுங்கள். கேன்சல் என்பது அதே எண்ணில், கூடிய கட்டணத்தில், உங்களுக்கு நீங்களே சைபர் ஈத்தர் அனுப்புவது. எது முதலில் பிளொக்கில் ஏறுகிறதோ அதுதான் செல்லும்.

"தோல்வி" என்று வந்திருந்தால் தொகை போகவில்லை, கட்டணம் மட்டும் போய்விட்டது. அதைத் திருப்பிக் கேட்க யாரும் இல்லை.

"வெற்றி எண்டு காட்டுது, ஆனா எனக்கு வரல்ல"

இதுதான் ஆகக் கூடுதலாக வருகிற முறைப்பாடு. உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் ஒன்லைனில் வெளிநாட்டுக்கு வேலை செய்து யூஎஸ்டிடியில், அதாவது டெதர் நிறுவனத்தின் டொலர் டோக்கனில், சம்பளம் எடுக்கிற பெடியளுக்கு மாதக் கடைசியில் வருகிற தலையிடி.

முதலில் பெற்ற முகவரி உங்களுடையதுதானா என்று எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். சரி என்றால் எந்தச் சங்கிலியில் வந்தது என்று பாருங்கள். யூஎஸ்டிடி ஒரு பெயர்தான், ஆனால் அது பல சங்கிலிகளில் தனித்தனியே ஓடுகிறது. ட்ரொன் முகவரி ஆங்கில டீ எழுத்தில் தொடங்கும், 34 எழுத்து. ஈத்தரியமும் பிஎன்பி சங்கிலியும் சைபர், எக்ஸ் என்று தொடங்கும், 42 எழுத்து. ட்ரொன்னையும் மற்றவற்றையும் மாறி அனுப்ப வொலட் விடாது, வடிவமே ஒத்துவராது. வில்லங்கம் ஈத்தரியத்துக்கும் பிஎன்பிக்கும் இடையில்தான். இரண்டிலும் முகவரி ஒன்றே என்பதால் பிழையான வலையில் அனுப்பினாலும் அது சத்தமில்லாமல் போய்ச் சேரும்.

சேர்ந்தது உங்கள் சொந்த வொலட் என்றால் பயப்பட ஒன்றுமில்லை. ஒரே சாவிதான், அதாவது வொலட்டின் இரகசிய இலக்கம்தான், இரண்டு சங்கிலியையும் திறக்கிறது. வொலட்டில் பிஎன்பி நெட்வேர்க்கைச் சேர்த்து, யூஎஸ்டிடி டோக்கனையும் சேர்த்தால் தொகை தெரியும். அதை நகர்த்தக் கொஞ்சம் பிஎன்பி வேண்டும், அவ்வளவுதான். சேர்ந்தது எக்ஸ்சேஞ்ச் முகவரி என்றால் சாவி அவர்களிடம். ஹாஷோடு எழுதிக் கேளுங்கள். சிலர் கட்டணம் எடுத்துக்கொண்டு மீட்டுத் தருவார்கள், சிலர் மாட்டார்கள். அது அவர்களின் விருப்பம்.

எக்ஸ்ஆர்பி, ஸ்டெல்லர், டொன் போன்றவற்றை எக்ஸ்சேஞ்சுக்கு அனுப்பியிருந்தால் மெமோ அல்லது டெக் இலக்கத்தைப் போட்டீர்களா என்று பாருங்கள். அவர்கள் எல்லா வாடிக்கையாளருக்கும் ஒரே முகவரியை வைத்துக்கொண்டு அந்த இலக்கத்தால்தான் யாருடைய காசு என்று பிரிக்கிறார்கள். விடுபட்டால் காசு அவர்களின் பொதுக் கணக்கில் பெயரில்லாமல் கிடக்கும். இதற்கென்று பெரும்பாலான எக்ஸ்சேஞ்சுகளில் ஒரு படிவம் இருக்கிறது, நிரப்பினால் பெரும்பாலும் கிடைத்துவிடும்.

இன்னொரு வகையும் உண்டு. யாரோ உங்களுக்கு யூஎஸ்டிடி அனுப்பினார், வொலட்டில் தெரிகிறது, விற்கப் போனால் எக்ஸ்சேஞ்ச் ஏற்கவில்லை. டோக்கனின் ஒப்பந்த முகவரியைத் தட்டிப் பாருங்கள். அதே பெயர், அதே சின்னத்தோடு யாரும் ஒரு டோக்கனை உண்டாக்கலாம். ஈத்தரியத்திலோ ட்ரொன்னிலோ வந்தது டெதர் நிறுவனத்தின் தளத்தில் இருக்கிற முகவரியோடு பொருந்தாவிட்டால் உங்களுக்கு வந்தது வெறும் பெயர்.

"யூஎஸ்டிடி இருக்கு, அனுப்ப விடுதில்ல"

கட்டணம் அந்தந்தச் சங்கிலியின் சொந்தக் கொயினில்தான் போகும். ட்ரொன்னில் யூஎஸ்டிடி அனுப்ப டிஆர்எக்ஸ் வேண்டும். பெறுகிறவரின் முகவரியில் முன்பு யூஎஸ்டிடி இருந்ததே இல்லை என்றால் எரிகிற எனர்ஜி, அதாவது ட்ரொன் கட்டணத்தை அளக்கிற அலகு, ஏறக்குறைய இரண்டு மடங்கு. "போன கிழமை இவ்வளவுதானே எடுத்தது, இப்ப ஏன் கூட?" என்ற கேள்விக்குப் பதில் பெரும்பாலும் அதுதான்.

டிஆர்எக்ஸ் போட்ட பிறகும் "அனுமதி இல்லை" என்ற மாதிரி வந்தால் அங்கேயே நிறுத்துங்கள். ட்ரொன் கணக்கில் உரிமையாளர் அனுமதியை வேறு முகவரிக்கு மாற்றிவிடலாம். உங்கள் சாவி திருடுபட்டு அப்படி மாற்றப்பட்டிருந்தால் காசைப் பார்க்கலாம், எடுக்க முடியாது. ட்ரொன்ஸ்கேனில் கணக்கின் அனுமதிப் பகுதியில் யாருடைய முகவரி நிற்கிறது என்று பார்த்தால் விளங்கும்.

இதே வித்தையைத் தூண்டிலாகவும் போடுகிறார்கள். யூடியூப் காணொளிகளின் கீழே ஒருத்தர் அப்பாவி மாதிரி எழுதியிருப்பார்: என் வொலட்டில் யூஎஸ்டிடி இருக்கிறது, எடுக்கத் தெரியவில்லை, இதுதான் என் 12 சொல். போட்டுப் பார்த்தால் உண்மையாகவே ஆயிரக்கணக்கில் இருக்கும். கட்டணத்துக்கு டிஆர்எக்ஸ் மட்டும் இல்லை. எடுக்க ஆசைப்பட்டு நாம் போடுகிற டிஆர்எக்ஸ்தான் அவருடைய வருமானம். அடுத்தவன் காசில் கைவைக்கப் போனவன் என்பதால் யாரும் முறைப்பாடும் கொடுப்பதில்லை. நல்ல கணக்கு.

"வொலட்டத் திரும்பப் போட்டேன், சைபர் காட்டுது"

போன் உடைந்தது, கடலில் விழுந்தது, மாற்றினீர்கள். 12 சொல்லையும் புதுப் போனில் போட்டீர்கள். வொலட் திறக்கிறது, உள்ளே ஒன்றுமில்லை. இங்கேதான் ஆட்கள் மனம் விட்டுப் போகிறார்கள், ஆனால் இது பெரும்பாலும் சரிப்படுத்தக் கூடியது.

பழைய முகவரியை எங்கேயாவது தேடி எடுங்கள். வட்ஸ்அப்பில் யாருக்காவது அனுப்பியிருப்பீர்கள், எக்ஸ்சேஞ்சின் வரலாற்றில் இருக்கும். அதை எக்ஸ்ப்ளோரரில் போட்டுப் பாருங்கள். காசு அங்கே இருக்கிறதென்றால் கோளாறு வொலட்டைத் திறந்த விதத்தில். அங்கேயும் இல்லையென்றால் நீங்கள் வாசிக்க வேண்டியது அடுத்த பகுதி.

காசு இருந்தும் தெரியாததற்குக் காரணங்கள் இவை. ஒன்று, ஒரே 12 சொல்லிலிருந்து எண்ணிக்கையில்லாத கணக்குகள் பிறக்கும். சில வொலட் முதலாவதை மட்டும் காட்டும். இரண்டாவது, மூன்றாவது கணக்கைச் சேர்த்துப் பாருங்கள். இரண்டு, பிட்கொயினில் முகவரி வகை. 1, 3, பிசி1 என்று தொடங்குகிற முகவரிகள் வெவ்வேறு பாதையில் உண்டாகின்றன. பழையது 3இல் தொடங்கியிருந்து, புது வொலட் பிசி1 வகையை மட்டும் தேடினால் சைபர்தான். மூன்று, இலெக்ட்ரம் உண்டாக்குகிற 12 சொல் மற்ற வொலட்டுகளின் முறையைச் சேர்ந்ததல்ல, அதை இலெக்ட்ரமிலேயே திறக்க வேண்டும். நாலு, தனியாகச் சாவியைப் போட்டு உள்ளே கொண்டுவந்த கணக்கு 12 சொல்லோடு வராது, அந்தச் சாவி வேறாக வேண்டும்.

ஐந்தாவது காரணம் ஆளைக் கொல்லும். லெட்ஜர், ட்ரெசர் போன்ற வன்பொருள் வொலட்டுகளில், அதாவது சாவியை வைத்திருக்கிற தனிக் கருவிகளில், 12 அல்லது 24 சொல்லுக்கு மேலே ஒரு கடவுச் சொற்றொடரும் வைக்கலாம். அதில் ஒரு எழுத்து மாறினால் "பிழை" என்று வராது. வேறொரு வெறும் வொலட் அழகாகத் திறக்கும். பெரிய எழுத்து, சின்ன எழுத்து, இடைவெளி எல்லாவற்றையும் மாற்றி மாற்றிப் பார்க்க வேண்டும்.

இனி, சொற்களையே வொலட் ஏற்கவில்லை என்றால். சொற்கள் எல்லாம் 2048 சொல் கொண்ட ஒரே பட்டியலிலிருந்து வருகின்றன. எந்த இரண்டு சொல்லுக்கும் முதல் நாலு எழுத்து ஒன்றாய் இராது. ஆகவே முழுச் சொல்லும் அழிந்து முதல் நாலு எழுத்து மட்டும் தெரிந்தாலும் சொல் கைக்கு வந்துவிடும். ஒரு சொல் முழுவதுமே போய்விட்டாலும் அது எத்தனையாவது இடம் என்று தெரிந்தால் 2048ஐயும் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கலாம். கடைசிச் சொல்லுக்குள் ஒரு சரிபார்ப்பு ஒளிந்திருப்பதால் 12 சொல் என்றால் பதினாறில் ஒன்றுதான் தேறும், ஏறக்குறைய 128. இதைச் செய்கிற பிடிசி ரிகவர் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. நெட் இல்லாத கணினியில் ஓட்டுங்கள். சொற்களை ஏதோ ஒரு இணையத்தளத்தில் தட்டச்சுச் செய்து "செக்" பண்ணாதீர்கள்.

எங்கள் ஊரில் இந்தச் சொல் அழிகிற பிரச்சினை கொஞ்சம் கூட. கொப்பித் தாளில் பேனையால் எழுதி அலுமாரிக்குள் வைத்தால், கடற்கரைப் பக்கத்து வீடுகளில் மாரி கழிந்து எடுத்துப் பார்க்கும்போது தாள் மெத்தென்று ஊறி, மை மற்றப் பக்கத்துக்கு இறங்கியிருக்கும். திருக்கடலூரிலிருந்து ஒரு அக்கா கொண்டு வந்த தாளில் ஏழாவது சொல் நீலப் பொட்டாக இருந்தது. முதல் இரண்டு எழுத்தும் கடைசி எழுத்தின் வாலும் மட்டும் மிச்சம். பட்டியலில் அந்த இரண்டு எழுத்தோடு தொடங்கி அப்படி முடிகிற சொற்கள் கைவிரலுக்குள் அடங்கின. கொஞ்ச நேரத்தில் வொலட் திறந்தது.

இதைக் கேள்விப்பட்டதும் "அப்ப லெமினேட் பண்ணுவம்" என்று ஒருத்தர் கொமினிகேசனுக்கு வெளிக்கிட்டார். தயவு செய்து வேண்டாம். கடைக்காரத் தம்பி நல்ல பிள்ளையாகவே இருக்கட்டும்; போட்டோக் கொப்பி மெஷினுக்கு நினைவகம் உண்டு, பக்கத்தில் நிற்கிறவனுக்குப் போன் உண்டு. ஹார்ட்வெயார் கடையில் எழுத்து அடிக்கிற பஞ்ச் செட் வாங்கலாம், ஒரு சின்னத் துருப்பிடிக்காத உருக்குத் தகடும் வாங்கலாம். வீட்டில் இருந்து நீங்களே சுத்தியலால் சொல்லுக்கு நாலு எழுத்தாக அடியுங்கள். சாதாரண இரும்புத் தகடு வேண்டாம், எங்கள் உப்புக் காற்று அதைத் தின்றுவிடும். போனில் படம் எடுத்து வைப்பதும் வேண்டாம், படம் தானாகவே கூகிளுக்கு ஏறிவிடும்.

"ஒண்டும் செய்யல்ல, காசு தானாப் போய்ட்டு"

இதில் முதல் கேள்வி ஒன்றே ஒன்று: எல்லாமே போனதா, ஒரு டோக்கன் மட்டும் போனதா?

ஒரே டோக்கன் மட்டும் போய், ஈத்தரோ பிஎன்பியோ தொடப்படாமல் இருந்தால், நீங்கள் எப்போதோ ஒரு தளத்துக்கு அனுமதி கொடுத்திருக்கிறீர்கள். டோக்கனை மாற்றப் போகும்போது "அப்ரூவ்" என்று வரும் அல்லவா, அது பல இடங்களில் எல்லையில்லாத தொகைக்குப் போடப்படுகிறது. அந்தத் தளம் போலியாக இருந்தால், அல்லது பிறகு உடைக்கப்பட்டால், மாதங்கள் கழித்தும் வந்து எடுப்பார்கள். ஈத்தர்ஸ்கேனில் டோக்கன் அனுமதிகளைப் பார்க்கிற பக்கம் இருக்கிறது, ரிவோக் கேஷ் என்ற தளமும் இருக்கிறது. தெரியாததை எல்லாம் நீக்குங்கள். ஒவ்வொரு நீக்கலுக்கும் சிறிது கட்டணம் போகும். இன்னொரு வகைக் கையொப்பம் கட்டணமே கேட்காது, அதனால் ஆபத்தில்லை என்று நினைத்து ஆட்கள் போட்டுவிடுவார்கள். திருடன் அதைப் பயன்படுத்தும் வரை எக்ஸ்ப்ளோரரிலும் தெரியாது. கட்டணம் கேட்கவில்லை என்பது பாதுகாப்புக்கு அடையாளம் இல்லை.

எல்லாச் சங்கிலியிலும் எல்லாமே போயிருந்தால் 12 சொல்லோ சாவியோ வெளியே போய்விட்டது. இப்போது அனுமதிகளை நீக்குவது வீண்வேலை. அந்த வொலட்டைக் கைவிட வேண்டியதுதான். வேறு ஒரு சுத்தமான கருவியில் புது 12 சொல் உண்டாக்கி, மிச்சம் இருப்பதை அங்கே மாற்றுங்கள். மிச்சத்தை எடுக்கக் கட்டணம் போட வேண்டியிருந்தால் கவனம்: திருடப்பட்ட வொலட்டில் விழுகிற ஒவ்வொரு சதத்தையும் நொடியில் தூக்க ஒரு பொட், அதாவது தானியங்கி நிரல், காத்துக்கொண்டிருக்கும். நீங்கள் போட்ட கட்டணக் காசும் போகும், திரும்பப் போட்டால் திரும்பப் போகும்.

போனது எப்படி? அனுபவத்தில் பார்த்தால் கிரக் பண்ணின மென்பொருள் முதலிடம். விண்டோஸை அக்டிவேட் பண்ண, வீடியோ எடிட் பண்ண என்று இறக்கியவற்றோடு கிளிப்போர்டைக் களவாடுகிற நிரல் ஒட்டி வரும். நீங்கள் கொப்பி செய்தது ஒரு முகவரி, பேஸ்ட் செய்யும்போது விழுவது இன்னொன்று. நோட்பேடில் ஒட்டிப் பார்த்து ஒப்பிட்டால் தெரிந்துவிடும். மாறியிருந்தால் அந்தக் கணினியில் கிரிப்டோ வேலை எதுவும் வேண்டாம், வன்தட்டை அழித்து புதிதாகப் போடுங்கள்.

வொலட்டுக்குத் தெரியாத டோக்கன், என்எப்டி ஏதாவது வந்திருந்தால் தொடாதீர்கள். வந்தது கெடுதல் செய்யாது, அதை விற்கப் போய் அதில் எழுதியிருக்கிற தளத்தில் வொலட்டை இணைத்தால்தான் கெடுதல். அதேபோல, நீங்கள் வழக்கமாக அனுப்புகிற முகவரியின் முதல் எழுத்துகளும் கடைசி எழுத்துகளும் கொண்ட வேறொரு முகவரியிலிருந்து சைபர் தொகை வந்து வரலாற்றில் நிற்கும். அடுத்த முறை வரலாற்றிலிருந்து கொப்பி பண்ணுவீர்கள் என்பதே எதிர்பார்ப்பு. 2024 மே மாதத்தில் ஒருவர் இப்படி 1155 சுற்றப்பட்ட பிட்கொயினை (ஈத்தரியத்தில் ஓடுகிற பிட்கொயின் டோக்கன்), அன்றைய விலையில் ஏறக்குறைய 7 கோடி டொலர், பிழையான முகவரிக்கு அனுப்பினார். அவருக்குப் பெரும்பகுதி பிறகு திரும்பி வந்தது. நமக்கு வராது. நடு எழுத்துகளையும் பாருங்கள்.

வன்பொருள் வொலட் வைத்திருக்கிறேன், எனக்கு ஒன்றுமில்லை என்று சொல்கிறவர்களுக்கு: 2025 பெப்ரவரியில் பைபிட் எக்ஸ்சேஞ்சிலிருந்து ஏறக்குறைய 150 கோடி டொலர் ஈத்தர் போனது. கையொப்பமிட்டவர்களின் கணினித் திரை வழக்கமான மாற்றத்தைக் காட்டியது, அவர்கள் உண்மையில் ஒப்புக்கொண்டது வேறொன்று. கணினி என்ன காட்டினாலும், கருவியின் சின்னத் திரையில் வருகிற முகவரியையும் தொகையையும் வாசித்த பிறகு அமத்துங்கள். வாசிக்க முடியாத எழுத்துக் குவியல் வந்தால் அமத்தவே வேண்டாம்.

"வாங்கின கொயின் பத்து மடங்கு ஏறிட்டு, விக்க விடுதில்ல"

எக்ஸ்ப்ளோரரில் அந்த டோக்கனின் பரிமாற்றங்களைப் பாருங்கள். எல்லாரும் வாங்குகிறார்கள், ஓரிரு முகவரி மட்டும் விற்கிறது என்றால் ஒப்பந்தமே விற்கத் தடை போட்டு எழுதப்பட்டிருக்கிறது. விலை ஏறுவது விற்க ஆளில்லாததால். தீர்வு இல்லை, விடுங்கள்.

"பொசிஷன் தானாக் குளோஸ் ஆகிட்டு"

கோளாறில்லை. இது பியூச்சர்ஸ், விலை ஏறும் அல்லது இறங்கும் என்று பந்தயம் கட்டுகிற வியாபாரம். 20 மடங்கு லெவரேஜ் என்றால், அதாவது போட்ட காசின் 20 மடங்குக்குப் பந்தயம் என்றால், விலை 5 வீதம் எதிர்ப்பக்கம் போகவே போட்ட காசு முடியும். பொசிஷன் திறந்திருக்க எக்ஸ்சேஞ்ச் கேட்கிற பராமரிப்புத் தொகையையும் சேர்த்தால் அதற்கும் முன்னமே. "விலை அந்த இடத்துக்குப் போகவே இல்லையே" என்பவர்கள் கடைசி விலையைப் பார்க்கிறார்கள், லிக்விடேஷன், அதாவது கட்டாயமாக மூடுவது, நடப்பது எக்ஸ்சேஞ்ச் கணக்கிட்டு வைக்கிற மார்க் விலையில். 2025 ஒக்டோபர் 10ஆம் திகதி ஒரே நாளில் உலகம் முழுக்க ஏறக்குறைய 1900 கோடி டொலர் பொசிஷன்கள் இப்படி மூடப்பட்டன. சிக்னல் தருகிற அண்ணாமார் அடுத்த நாளும் சிக்னல் தந்தார்கள். என் அபிப்பிராயத்தில் பியூச்சர்ஸை மூடிவிடுவது ஒன்றே இதற்குத் திருத்தம்.

"கோட் வருதில்ல" அல்லது "கோட் பிழை எண்டு சொல்லுது"

ஒதென்டிகேட்டர் அப் கணக்குக்குள் நுழையத் தருகிற கோட் 30 விநாடிக்கு ஒன்று மாறும், அது முழுக்க நேரத்தில் ஓடுகிறது. போனின் நேரத்தைத் தானியங்கியில் விடுங்கள், பெரும்பாலும் சரியாகிவிடும். எஸ்எம்எஸ் வராவிட்டால் சிம் இன்னும் உங்கள் பெயரில் உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள். கட்டாருக்குப் போய் ரீலோட் போடாமல் விட்டு இலக்கம் வேறு ஆளுக்குப் போனால் எக்ஸ்சேஞ்ச் கணக்கின் திறப்பும் அவரிடம் போகும். வெளிநாடு போக முதல் எஸ்எம்எஸ்ஸிலிருந்து ஒதென்டிகேட்டருக்கு மாற்றி, அதன் மீட்புக் கோட்டையும் தாளில் எடுத்து வையுங்கள்.

"பேங்க் அக்கவுண்ட மறிச்சுட்டாங்க"

பி2பியில், அதாவது எக்ஸ்சேஞ்சில் ஆளுக்கு ஆள் நேரடியாக, விற்கிறவர்களுக்கு வருவது. வாங்குகிறவர் "காசு போட்டாச்சு, ரிலீஸ் பண்ணுங்க" என்று சிலிப் அனுப்புவார். சிலிப்பையும் எஸ்எம்எஸ்ஸையும் நம்ப வேண்டாம், இரண்டையும் போலியாகச் செய்யலாம். வங்கி அப்பைத் திறந்து மீதியைப் பாருங்கள். காசு வந்திருந்தாலும் அனுப்பியவரின் பெயர் எக்ஸ்சேஞ்சில் இருக்கிற பெயரோடு பொருந்த வேண்டும். வேறு பெயரென்றால் அது மோசடியில் ஏமாந்த இன்னொருவர் போட்ட காசாக இருக்கலாம். அவர் பொலிஸுக்குப் போனால் தடம் வந்து நிற்பது உங்கள் கணக்கில். இதே காரணத்துக்காகத்தான் "கணக்க மட்டும் தாங்க தம்பி, கமிஷன் தாறன்" என்று வருகிறவருக்கு வங்கிக் கணக்கைக் கொடுக்கக் கூடாது.

மறித்துவிட்டால் எக்ஸ்சேஞ்ச் ஓடர் இலக்கம், உரையாடல், ஹாஷ் எல்லாவற்றையும் அச்சிட்டுக் கொண்டு கிளைக்குப் போய் உண்மையைச் சொல்லுங்கள். கதை கட்ட வேண்டாம். இலங்கை மத்திய வங்கி எந்த நிறுவனத்துக்கும் கிரிப்டோ வியாபார அனுமதி கொடுக்கவில்லை என்று பலமுறை அறிவித்திருக்கிறது. 2017ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க வெளிநாட்டுச் செலாவணிச் சட்டத்தின் கீழ் வந்த 2021ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கப் பணிப்புரையின்படி டெபிட், கிரெடிட் அட்டைகளால் கிரிப்டோவுக்குப் பணம் செலுத்தவும் முடியாது. அட்டை திரும்பத் திரும்ப "டிக்லைன்" ஆகிறதே என்று வருகிறவர்களுக்கும் இதுதான் பதில். அட்டையில் கோளாறு தேட வேண்டாம்.

"எடுக்க முதல் வரி கட்டச் சொல்றாங்க"

கணக்கில் லட்சக்கணக்கில் காட்டுகிறது. முதலில் சின்னத் தொகை ஒன்றை எடுக்கவும் விட்டார்கள். இப்போது பெரிய தொகைக்கு வரி, சரிபார்ப்புக் கட்டணம், விஐபி கட்டணம் என்று புதிதாகக் காசு போடச் சொல்கிறார்கள். அங்கே கொயின் எதுவும் இல்லை, திரையில் இருப்பது அவர்கள் தட்டச்சுச் செய்த எண். உண்மையான கட்டணம் என்றால் மீதியிலேயே கழித்துக்கொள்ளலாம்தானே என்று கேளுங்கள், பதில் வராது. ஆள் சேர்த்தால் கமிஷன் என்ற அமைப்பும் கூட இருந்தால் அது வங்கித்தொழில் சட்டத்தின் 83சி பிரிவு தடைசெய்த பிரமிட் திட்டம். சேர்ந்தவர் மட்டுமல்ல, சேர்த்தவரும் பதில் சொல்ல வேண்டி வரும். மாமா, மச்சான், பள்ளிக்கூடச் சிநேகிதர் எல்லாரையும் சேர்த்துவிட்டு வந்திருக்கிறீர்கள் என்றால் முதலில் அவர்களுக்குப் போன் எடுத்து இனிக் காசு போட வேண்டாம் என்று சொல்லுங்கள்.

வங்கியால் காசு அனுப்பியிருந்தால் உடனே வங்கிக்கு அழையுங்கள். பெற்ற கணக்கை அவர்கள் மறிக்க முடிந்தால் முதல் சில மணித்தியாலத்துக்குள்தான். யூஎஸ்டிடியாக அனுப்பியிருந்தால் அது போய் நிற்கிற முகவரியை எக்ஸ்ப்ளோரரில் தொடர்ந்து பாருங்கள். எக்ஸ்சேஞ்ச் ஒன்றுக்குள் போயிருந்தால் அந்த எக்ஸ்சேஞ்சுக்கு எழுதுங்கள். டெதர் நிறுவனத்தால் தன் டோக்கனை ஒரு முகவரியில் முடக்க முடியும், ஆனால் அதைப் பொலிஸ் போன்ற அதிகாரிகள் கேட்க வேண்டும், நீங்களும் நானும் கேட்டு நடக்காது. ஆகவே முறைப்பாடு அவசியம். இணையப் பாதுகாப்புக்கான அரச அமைப்பான ஸ்ரீலங்கா சேர்ட்டின் இலக்கம் 101. பொலிஸ் நிலையத்தில் தமிழிலேயே முறைப்பாடு கொடுக்கலாம். 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டம் இருக்கிறது, குற்றப் புலனாய்வுத் திணைக்களத்தில் கணினிக் குற்றங்களுக்கென்று தனிப் பிரிவும் இருக்கிறது.

போகும்போது ஹாஷையும் முகவரிகளையும் அச்சிட்டு எடுத்துப் போங்கள். முறைப்பாட்டுப் புத்தகத்தில் அவற்றைக் கையால் எழுத விட்டால் எங்கேயாவது ஒரு எழுத்து மாறும், பிறகு அந்த இலக்கத்தை வைத்து யாராலும் ஒன்றும் தேட முடியாது. அச்சிட்ட தாளை இணைத்து அதிலும் கையொப்பம் வையுங்கள், முறைப்பாட்டு இலக்கத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்தக் கிழமைக்குள் "உங்கட காசை மீட்டுத் தாறம், முதல்ல கொஞ்சம் கட்டுங்க" என்று இன்னொருத்தர் வட்ஸ்அப்பில் வருவார். ஏமாந்தவர்களின் பட்டியல் விலைக்குப் போகிறது. அவருடைய இலக்கத்தையும் அதே முறைப்பாட்டில் சேர்த்துவிடுங்கள்.